ஆர் பேஸ் இடத்தில் ஒய் பேஸ் அளவு: உங்கள் ஏஐ எழுதிய மீட்டர் டிரைவர் பற்றிய புகார்

அனுப்புநர்: மின் பராமரிப்புப் பிரிவு, நூற்பாலை, கோயம்புத்தூர் மாவட்டம்
பெறுநர்: தலைவர், வாடிக்கையாளர் சேவை

ஐயா / அம்மா,

வணக்கம். மீட்டர் அளவுகளைச் சேகரித்து டேஷ்போர்டுக்கு அனுப்பும் உங்கள் கேட்வே பெட்டியின் கடைசி ஃபர்ம்வேர் அப்டேட்டோடு வந்த ஏஐ உதவியாளர், எங்கள் எனர்ஜி மீட்டர்களைப் படிக்க எழுதிக்கொடுத்த மோட்பஸ் (மீட்டரோடு பேசும் தகவல் நெறிமுறை) டிரைவர் தவறானது. டிக்கெட் போட்டால் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடுகிறீர்கள். மறுபடி போட்டால் மறுபடி மூடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மீட்டர் மேனுவலில் ஆர் பேஸ் (மூன்று பேஸ்களில் முதலாவது; அடுத்தது ஒய்) வோல்ட்டேஜ் தொடங்கும் ரிஜிஸ்டர் 40101. 40001-க்கு முகவரி 0 என்பதால், லைனில் போகவேண்டிய முகவரி 100. உதவியாளர் 101 என்று எழுதியிருக்கிறது. ஒரு வோல்ட்டேஜ் இரண்டு ரிஜிஸ்டரில் பாதிபாதியாக இருக்கும்; 101-இலிருந்து இரண்டு ரிஜிஸ்டர் படித்தால் ஆரின் பின்பாதியும் ஒய்யின் முன்பாதியும்தான் கிடைக்கும்; திரையில் பூஜ்யம் வந்தது. அதைச் சொன்னதும் முகவரியைத் தொடாமல் படித்த இரண்டு வேர்டையும் (ஒரு ரிஜிஸ்டரில் உள்ள பாதி) முன்பின்னாக இடம் மாற்றிவைத்தது. இப்போது நம்பும்படியான எண் வருகிறது, ஆனால் அது ஒய்யின் எண். டெஸ்ட் கிட்டில் ஆருக்கு 230, ஒய்க்கு 240 கொடுத்துப் பாருங்கள். மீட்டர் முகப்பில் ஆர் 230, உங்கள் டேஷ்போர்டில் ஆர் 240. லேப்டாப்பை நேராக மாட்டி 100-ஐப் படித்தால் ஹெக்ஸ் எண்களாக 4366, 0000 வருகிறது; ஃப்ளோட்டாக மாற்றினால் சரியான 230. பூஜ்யமாகவே விட்டிருந்தால்கூட ஷிப்டில் யாராவது கவனித்திருப்பார்கள்.

இதற்கு உங்கள் ஆள் சொன்ன வைத்தியம், ஒயர் முனையில் மாட்டும் 120 ஓம் டெர்மினேட்டரைப் பார்க்கச் சொன்னது! ஒயரில் கோளாறு என்றால் சிஆர்சி பிழை (தகவல் சிதைந்ததைக் காட்டுவது) வரும், டைம்அவுட் வரும். பக்கத்து பேஸின் எண் இவ்வளவு சுத்தமாக வராது. அடுத்து, கேட்வேயைக் கழற்றிச் சென்னை சர்வீஸ் சென்டருக்கே கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனால் கவுன்டரில், “ஹார்டுவேர் ஓகே சார், சாஃப்ட்வேர் இங்கே பார்க்கறதில்லை.” இதை போனில் சொல்லியிருந்தால் என்ன?

டிமாண்ட் (ஒரு குறிப்பிட்ட இடைவெளியின் சராசரி மின்சுமை) விஷயத்துக்கு வருகிறேன். ரிஜிஸ்டர் ஒன்று தள்ளியதால், நடப்பு டிமாண்ட் இருக்கவேண்டிய இடத்தில் முந்தைய இடைவெளியின் டிமாண்ட் வருகிறது. அலாரம் அடிக்கும்போது அந்த இடைவெளி முடிந்தே போயிருக்கும். கம்ப்ரசரை நிறுத்தி என்ன பயன்? ஒப்பந்த டிமாண்டைத் தாண்டி, மின்கட்டணத்தில் அபராதம் ஏறிவிட்டது. இந்த மாத லாபம் மொத்தமும் உங்களால் போயிற்று என்றே சொல்வேன்.

“ப்ராம்ப்ட் ஒழுங்கா கொடுக்கத் தெரியணும் சார், எங்க டெஸ்ட் எல்லாம் பாஸ்.” உங்கள் சீனியர் சப்போர்ட் பேசிய பேச்சு இது, நடுவில் போனையும் வைத்துவிட்டார். அந்த டெஸ்ட்டை எழுதியது யார்? அதே உதவியாளர். டிரைவரிலும் 101, டெஸ்ட்டுக்கு வைத்த போலி மீட்டரான சிமுலேட்டரிலும் 101. தன் விடைத்தாளைத் தானே திருத்திய பையன் சென்டம் வாங்காமல் வேறென்ன வாங்குவான்? மீட்டர் முகப்பையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களிடம் ஒரு மனிதர்கூட இல்லையா?

எம்க்யூடிடியில் (கேட்வே தகவல் அனுப்பும் முறை) கேட்வே எல்லாவற்றுக்கும் ஒரே க்ளையன்ட் ஐடியைப் போட்டதும் அதே உதவியாளர்தான். ஒன்று இணைந்தால் புரோக்கர் (தகவலை வாங்கிக் கொடுக்கும் சர்வர்) மற்றதைத் துண்டிக்கிறது. இரவெல்லாம் இதே கூத்து. சீரியல் எண்ணை ஐடியாக வைத்தால் தீரும்.

தயவுசெய்து முதலில் பழைய ஃபர்ம்வேரைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு முகவரியில் ஒன்றைக் குறைத்து, வேர்டு வரிசையைப் பழையபடி வைத்து, நிஜ மீட்டரில் ஒவ்வொரு பேஸுக்கும் வெவ்வேறு வோல்ட்டேஜ் கொடுத்துச் சோதித்து, உங்கள் பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்ட அறிக்கையோடு புதியதை அனுப்புங்கள். அபராதத் தொகையைச் சந்தாவில் கழித்துக்கொள்வோம்.

வணிகப் பயனுக்கு வாங்கியது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகமுடியாது என்று உங்கள் மேலாளர் சொல்லிக்காட்டினார். சிவில் கோர்ட் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் தயாராகிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அது உங்கள் பதிவு அலுவலகத்துக்கு வந்துசேரும், ஏஎம்சியும் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) அன்றோடு ரத்து. அந்த சீனியர் சப்போர்ட்டை மட்டும் மறுபடி போனில் விடாதீர்கள்.

இப்படிக்கு,
மின் பராமரிப்புப் பொறியாளர்

இணைப்பு: டெஸ்ட் கிட் அளவீடுகள், மோட்பஸ் லாக், மூடப்பட்ட டிக்கெட்டுகளின் நகல்