சிங்கப்பெருமாள் கோயில் பிஎம்டபிள்யூ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமோசின் காரைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. ஆனால் முதல் வரியிலேயே ‘ஜெர்மனியில் இருந்து இறக்குமதியாகும்’ என்று எழுதிவிட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதே பேச்சு அதற்கு முந்தைய வாரம் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நடந்தது. என் அக்கா மகன் இதே காரைப் புதிதாக வாங்கி, மாலையெல்லாம் போட்டுக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தான். “மாமா, அசல் ஜெர்மன். கதவைச் சாத்திப் பாருங்க, சத்தத்தைக் கேளுங்க” என்றான். சாத்தினேன். நல்ல சத்தம்தான், கெட்டியாக ஒரு ‘டொப்’. பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்து நின்ற டிரைவர் தம்பி மெதுவாகச் சொன்னார்: “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த வண்டிய எங்க ஊர்லதான் கட்டுறாங்க. சிங்கப்பெருமாள் கோயில். என் மச்சான் அங்கதான் ஏழு வருஷமா வேலை பார்க்கிறான்.”

மருமகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டிரைவர் சொன்னதுதான் சரி. சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டினால் வரும் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி என்ற தொழிற்பேட்டைக்குள் 2007 மார்ச்சிலிருந்து பிஎம்டபிள்யூ ஆலை ஓடுகிறது. இந்த கிரான் லிமோசினும் அங்கிருந்துதான் வருகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். இது பின்சீட்டில் கால் நீட்டி உட்காருகிறவர்களுக்காக 110 மில்லிமீட்டர் நீட்டிய கார். சீனாவில் இதன் அண்ணன் தம்பிகள் உண்டு, நம் ஊரில் உண்டு. ஜெர்மனியில் ஷோரூமுக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. அசல் ஜெர்மன் என்று அவன் மார்தட்டிய காரை ஒரு ஜெர்மன்காரன் தன் ஊரில் வாங்க முடியாது!

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னைத் துறைமுகத்தில், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் 31 வருஷம் டாக் கிளார்க்காக இருந்தவன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கார் எப்படித் துண்டு துண்டாக வந்து இறங்கும் என்பது தெரியும். பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் மரப் பாலெட்டில் சூடு போட்டது மாதிரி ஒரு முத்திரை இருக்கும். ஒரு கோதுமைக் கதிர், பக்கத்தில் நாட்டுக்கு இரண்டு எழுத்து, அப்புறம் ‘எச்டி’. மரத்தைச் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றாயிற்று என்று அர்த்தம். ‘டிஇ’ என்றால் ஜெர்மனி, ‘யுஎஸ்’ அமெரிக்கா, ‘இஸட்ஏ’ தென்னாப்பிரிக்கா, ‘ஏடி’ ஆஸ்திரியா. பில்லில் ஒரு நாடு இருக்கும், கட்டையில் நாலு நாடு இருக்கும். ஒரு கார் ஒரே நாட்டில் பிறக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு அந்தக் கட்டைகளைப் பார்த்துப் பார்த்தே போய்விட்டது.

கார் எங்கே கட்டப்படுகிறது என்பதை முடிவு செய்கிறவர் எஞ்சினியர் என்று நினைப்போம். பாதிக்கு மேல் முடிவு செய்வது சுங்க வரி அட்டவணை. 2011 பட்ஜெட்டுக்கு முன்பு, பிரித்துக் கொண்டு வந்த கிட்டுக்கு 10 சதவீத வரி, முழுக் காருக்கு 60 சதவீதம். அந்த பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, எஞ்சினோ கியர்பாக்ஸோ ஏற்கெனவே கோத்து வந்தால் அது பிரித்த கிட் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் அதை 30 சதவீதம் என்று தளர்த்தினார்கள். இடைப்பட்ட அந்த நாட்களில் எங்கள் பாடு சொல்லி மாளாது.

ஒரு கம்பெனியின் கன்டெய்னர், பேர் வேண்டாம், சிஎஃப்எஸ்ஸில், அதாவது துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் சுங்கச் சரக்கு நிலையத்தில், மாட்டிக்கொண்டது. அப்ரைசர் என்ற சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஆணியைப் பிடுங்கிப் பலகையை எடுத்ததும் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் எண்ணெய் வாசனை மூக்கில் அடித்தது. பாலிதீன் உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்கள். அதற்குள் முழு எஞ்சின், புதுச் சட்டை போட்ட குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. “இது பிரிச்சதா, கோத்ததா?” என்று அவர் என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல? “காரை விட்டுப் பிரிச்சது சார். ஆனா எஞ்சினையே பிரிக்கணும்னா போல்டு போல்டாத்தான் சார் வரணும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாலு நாள் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறியது.

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், கடைசியில் அதுதான் நடந்தது. அதே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் தனியாக ஒரு ஆலை போட்டு, பிஎம்டபிள்யூவுக்கான எஞ்சின்களைப் பாகங்களிலிருந்து இங்கேயே கோக்க ஆரம்பித்தது. 2015-இல் சக்கர அச்சு இசட்எஃப் ஹீரோவிடம், சீட் லியரிடம், வயரிங்கும் கதவின் உட்பலகையும் டிராக்ஸ்ல்மையரிடம், சைலன்சர் டென்னகோவிடம் என்று உதிரிபாகக் கம்பெனிகளிடம் இந்தியாவிலேயே வாங்க ஏற்பாடானது. உள்ளூர்ச் சரக்கு 50 சதவீதம் வரை என்று அப்போது அறிவித்தார்கள். அதைக் காட்டத்தான் அந்த ஏப்ரலில் சச்சின் டெண்டுல்கரைக் கூட்டி வந்து, தொழிலாளிகளோடு நின்று ஒரு 5 சீரிஸ் காரைக் கோக்க வைத்தார்கள். போட்டோவைப் பார்த்தவர்கள் எல்லாம் சச்சினைப் பார்த்தார்கள். நான் அந்த எஞ்சினைத்தான் பார்த்தேன்.

இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. பிரேசில் 2011-இல் இறக்குமதிக் கார்களுக்குத் தொழில்துறைப் பொருள் வரியை 30 சதவீதப் புள்ளி ஏற்றியது. 2014-இல் அந்த நாட்டு அரகுவாரியில் பிஎம்டபிள்யூ ஆலை திறந்தது. சீனாவில் உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் நுழைய முடியாது என்பதால் 2003-இல் பிரில்லியன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து ஷென்யாங்கில் இறங்கினார்கள். விதி தளர்ந்த பிறகு 2022-இல் தங்கள் பங்கை 75 சதவீதமாக்கிக் கொண்டார்கள். தாய்லாந்தில் ராயோங், மெக்சிகோவில் சான் லூயிஸ் பொடோசி, இப்போது ஹங்கேரியில் டெப்ரெசென். ஜெர்மனிக்கு வெளியே முதன்முதலில் அவர்கள் கையில் எடுத்த ஆலை தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பக்கம் இருக்கும் ராஸ்லின். அது 1973-இல்.

பிஎம்டபிள்யூவுக்கு உலகத்திலேயே அதிகக் கார் கட்டும் ஆலை மியூனிக்கில் இருக்கிறது என்று உங்கள் நிருபர் நினைத்திருக்கலாம். அது அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்து ஸ்பார்ட்டன்பர்க்கில் இருக்கிறது. மார்க் நாணயம் ஏறிப்போய் ஜெர்மனியில் கட்டுவது கட்டுப்படியாகாத காலத்தில், 1994-இல் ஆரம்பித்தது. ஜெர்மனியில் விற்கும் எக்ஸ்5 வருவது அங்கிருந்துதான். மியூனிக்கில் ஒருவர் எக்ஸ்5 வாங்கினால் அது சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி அட்லாண்டிக்கைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போகிறது. அவருக்குத்தான் அது இறக்குமதிக் கார்!

ஜெர்மனிக்குள்ளேயே எனக்குப் பிடித்த ஊர் டிங்கோல்ஃபிங். போனதில்லை, படித்ததுதான். அங்கே ஹான்ஸ் கிளாஸ் என்ற குடும்பத்தார் விதைக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தார்கள். அப்புறம் கொக்கோமொபில் என்று ஒரு குட்டிக் கார் செய்தார்கள். 1967-இல் பிஎம்டபிள்யூ அவர்களை வாங்கிவிட்டது. இன்று 7 சீரிஸ் வருவது அந்த விவசாய ஊரிலிருந்து. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றனவாம். சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போகும் நம் ஜிஎஸ்டி ரோட்டில் விடிகாலையில் நின்று பாருங்கள், அதே காட்சி.

இங்கிலாந்து கதை இன்னும் சுவாரசியம். ரோல்ஸ் ராய்ஸும் இவர்கள் கைக்குத்தான் போயிற்று. 2003-இல் குட்வுட் ஆலையில் வந்த ஃபேன்டம் காரின் அலுமினியக் கூடு டிங்கோல்ஃபிங்கில் செய்து அனுப்பப்பட்டது. பெயின்ட், மரம், தோல் எல்லாம் குட்வுட்டில். மகாராஜா வண்டிக்கே எலும்பு ஜெர்மனியில், தோல் இங்கிலாந்தில். அதை யாரும் குறைவாகப் பேசவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் என்றால் மட்டும் ஏன் மருமகன் முகம் சுருங்க வேண்டும்?

அதற்காக நாமே முழுக் காரையும் செய்கிறோம் என்று தம்பட்டம் அடிக்கவும் நான் சொல்ல மாட்டேன். நம் ஆலையில் தகடு அழுத்துவதில்லை. பெயின்ட் அடித்த பாடிக்கூடு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறது. அதில் வயரிங் ஓட்டி, டேஷ்போர்டு பொருத்தி, கண்ணாடி ஒட்டி, சீட் போட்டு, கடைசியில் கீழிருந்து எஞ்சினையும் அச்சையும் தூக்கி மேலே இருக்கும் கூட்டோடு சேர்க்கிறார்கள். அந்த இடத்துக்கு ஜெர்மன் தொழிலாளிகள் வைத்திருக்கும் பேர் கல்யாணம். மண்டபத்து வாசலில் இதைச் சொன்னபோது டிரைவர் தம்பி “ஆமா சார், மச்சானும் மேரேஜ்னுதான் சொல்லுவான்” என்றார். கணக்கையும் பார்த்துவிடலாம். நம் ஆலையிலிருந்து ஒரு லட்சமாவது கார் 2022-இல் வந்தது, 15 வருஷத்தில். ஸ்பார்ட்டன்பர்க்கில் 2023 என்ற ஒரே ஆண்டில் 4 லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். நம் ஆலை சின்னது, வரிச் சுவரின் நிழலில் நிற்பது. ஐரோப்பாவோடு ஒப்பந்தம், கார் வரி குறையும் என்று பேச்சு வரும்போதெல்லாம் அந்த மச்சான் மாதிரி ஆட்களுக்கு என்ன ஆகும் என்றுதான் எனக்குத் தோன்றும். மறைமலை நகரில் ஃபோர்டு போன பிறகு அந்தத் தெருக்களில் டீக்கடை எத்தனை மூடினார்கள் என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள்.

அதனால் கேட்கிறேன். உங்கள் வாகனப் பக்கத்தில் எஞ்சின் சக்தி, மைலேஜ், பூட் அளவு எல்லாம் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதோடு இன்னொரு வரி போடுங்கள்: எந்த ஊரில் கோக்கப்பட்டது, கூடு எங்கிருந்து வந்தது, எஞ்சின் எங்கே கோத்தது. மெர்சிடிஸ் என்றால் சாக்கன், ஆடி என்றால் அவுரங்காபாத் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்), வால்வோ என்றால் ஹோஸ்கோட்டே. முழுதாகக் கப்பலில் வந்தது என்றால் அதையும் சொல்லுங்கள். கம்பெனியைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள், ரகசியம் ஒன்றும் இல்லை.

சென்ற வாரத்து வரிக்கு ஒரு திருத்தம் மட்டும் கட்டாயம் போடுங்கள். சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும். அன்றைக்கு மூன்று பிரதி வாங்குவேன். ஒன்று எனக்கு, ஒன்று மருமகனுக்கு, இன்னொன்று அந்த டிரைவர் தம்பியிடம் கொடுத்து அவர் மச்சானிடம் சேர்க்கச் சொல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாக் கிளார்க்,
ராயபுரம், சென்னை