வேலு, பலூனை முதல் காலைக்கு மாற்று

அன்புள்ள வேலு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று படித்ததும் நம் வயதைக் கணக்குப் போடாமல் விட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மொட்டை மாடி ஒழுகல் மட்டும் இந்த மழைக்கும் நின்றபாடில்லை.

அக்டோபர் நடுவில் துருக்கி, கப்படோக்கியாவில் இரண்டு ராத்திரி, கிளம்புகிற அன்று விடியற்காலையில் வெப்பக்காற்றுப் பலூனில் பறப்பது என்று எழுதியிருக்கிறாய். மற்ற ஏற்பாடெல்லாம் அப்படியே இருக்கட்டும். பலூனை மட்டும் கடைசிக் காலையிலிருந்து எடுத்து முதல் காலைக்கு வை. முடிந்தால் இன்னொரு ராத்திரியும் சேர்த்துக்கொள். மூன்று விடியல் கையில் இருந்தால் ஒன்றாவது பறக்க வாய்க்கும் என்று ஓரளவு தைரியமாக இருக்கலாம்.

பறப்பதா வேண்டாமா என்பது நீ பணம் கட்டும் கம்பெனியின் முடிவு இல்லை. துருக்கி விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். வானிலைக் கணிப்பைப் பார்த்து அந்தப் பகுதிக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி போடுவார்கள். பச்சை என்றால் கிளம்பலாம், மஞ்சள் என்றால் காத்திரு, சிவப்பு என்றால் போய்த் தூங்கு. தரைக்காற்று மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டினாலே சந்தேகம்தான். மழை, மூடுபனி, தாழ்ந்த மேகம் எதுவும் ஆகாது. ஓட்டல் வாசலில் இலைகூட அசையாது, ஆனாலும் சிவப்பு விழும். முந்நூறு மீட்டர் உயரத்திலோ, இறங்கப்போகிற நேரத்திலோ காற்று பலமாக இருக்கும் என்று கணிப்பு சொல்லியிருக்கும். அப்போது பைலட்டோடு வாதாடி ஒரு பயனும் இல்லை. ரத்தானால் அடுத்த நாள் இடம் காலியாகக் கிடக்காது. இருக்கிற ஒன்றிரண்டு இடத்தையும் கம்பெனிக்காரர்கள் தங்களிடம் ரத்தானவர்களுக்குத்தான் முதலில் தருவார்கள். முதல் காலைக்குப் பதிவு செய்தவனுக்கு அந்த வரிசையில் நிற்கவாவது முடியும். கடைசிக் காலைக்குப் பதிவு செய்தவனுக்கு அதுவும் இல்லை.

ரத்தானால் முழுப் பணமும் திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். ஏற்றிச் செல்லும் கம்பெனியின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல். ஓட்டல், ஏஜென்ட், இணையத் தளம் என்று ஒரே பலூன் கூடையில் உள்ள இடத்தையே நான்கு பேர் நான்கு விலைக்கு விற்பார்கள். ஆளுக்கு 100 யூரோவும் உண்டு, 300 யூரோவும் உண்டு, கூட்டமான வாரங்களில் அதற்கு மேலும் போகும். விலையைவிட இரண்டு கேள்விகள் முக்கியம். கூடையில் எத்தனை பேர்? முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா? அங்கே பெரிய கூடைகளில் 24, 28 பேர்வரை ஏற்றுவார்கள். 12 முதல் 16 பேர் ஏறும் கூடைக்குக் கூடுதல் காசு கேட்பார்கள், கொடுக்கலாம். இரண்டாம் சுற்று என்றால் முதல் கூட்டம் இறங்கிய பிறகு, சூரியன் நன்றாக ஏறியபின் பறப்பது. அதையும் ‘சூரியோதயப் பயணம்’ என்றே விற்பவர்கள் இருக்கிறார்கள், ஆகவே கேட்டுவிடு.

ஏன் விடியலிலேயே போக வேண்டும் என்று கேட்டிருந்தாய். காட்சி அழகு அதில் பாதிதான். சூரியன் தரையைச் சூடாக்க ஆரம்பித்ததும் அனல்காற்று தூண் தூணாக எழும்பும். அதில் மாட்டிய பலூன் பைலட் கேட்காமலே ஏறும், கேட்காமலே இறங்கும். ராத்திரி முழுதும் குளிர்ந்து கனத்த காற்று தரையோடு படுத்திருக்கும் விடியல் நேரத்தில் இந்தத் தொல்லை இல்லை. கப்படோக்கியாவின் கோரெமே ஊரைச் சுற்றி இன்னொரு வசதியும் உண்டு. அந்தக் குளிர்காற்று பள்ளத்தாக்குகள் வழியே மெதுவாகக் கீழ்நோக்கி வழியும். கீழே இறங்கினால் அதுவே பலூனைப் பாறைக் கூம்புகளுக்கு நடுவே கூட்டிப்போகும். மேலே ஏறினால் வேறு திசைக் காற்று. பலூனுக்குச் சுக்கான் கிடையாது, திசை மாற்ற வேண்டுமென்றால் உயரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். பூமியின் வடபாதியில் பொதுவாக ஏறினால் வலப்பக்கம், இறங்கினால் இடப்பக்கம் என்பது பைலட்டுகளின் பாலபாடம். உள்ளூர்க் காற்றடுக்குகள் மனப்பாடமான பைலட்தான் மரக்கிளையை உரசுகிற மாதிரி இறக்கிவிட்டு அங்கிருந்து 500, 600 மீட்டருக்கும் ஏற்றுவார்.

உனக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். கோரெமே ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 10 டிகிரிக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.1 கிலோ. அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.83 கிலோ. வித்தியாசம் கால் கிலோவுக்குச் சற்று மேல். இந்தக் கால் கிலோதான் பலூனின் மூலதனம். 8,500 கனமீட்டர் பலூன் என்றால் இரண்டே கால் டன் தூக்கும். துணி, கூடை, காற்றைச் சூடாக்கும் பர்னர், நாலைந்து புரொப்பேன் சிலிண்டர் எல்லாம் சேர்ந்து 650 கிலோ என்று வைத்தால் மீதியில் பைலட்டோடு இருபது பேர். எடையைக் கேட்டால் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லச் சொல்வது இதற்காகத்தான். வெளியே குளிர் கூடக் கூட அதே சூட்டில் அதிகம் தூக்கும். சூட்டை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது, நைலான் துணிக்கு 120 டிகிரி அளவில் வரம்பு இருக்கிறது. பலூனின் அடியில் உள்ள வாய்ப்பக்கத்துத் துணி மட்டும் தீப்பிடிக்காத வேறு ரகம்.

அன்றைக்கு நடக்கப்போவது இதுதான். அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்னால் உதிக்கும். ஓட்டல் வாசலுக்கு ஐந்து மணி வாக்கில் வேன் வந்துவிடும். திடலில் பலூனைத் தரையில் விரித்து, பெட்ரோல் எஞ்சின் விசிறியால் குளிர்ந்த காற்றையே முதலில் நிரப்புவார்கள். பாதிக்கு மேல் புடைத்ததும் பர்னரை உள்நோக்கிப் பற்றவைப்பார்கள், பலூன் மெல்ல நிமிரும், சாய்ந்து கிடந்த கூடையும் கூடவே நிமிரும். விசிறியின் பக்கம் யாரையும் விடாதே, தாவணி, துப்பட்டா எதுவும் அதன் பக்கம் பறக்கக் கூடாது. நிமிர்ந்ததும் ஏறச் சொல்வார்கள். கூடை மார்பளவு உயரம், கதவு கிடையாது. பக்கவாட்டில் உள்ள ஓட்டைகளில் கால் வைத்து ஏறி உள்ளே குதிக்க வேண்டும். புடவை கட்டிக்கொண்டு ஏறுவது பெரும்பாடு, கல்யாணி ஏறுவதானால் சுடிதாரோ பேன்ட்டோ போடச் சொல்.

பர்னர் எரிந்தவுடன் பலூன் ஏறாது, பத்து விநாடி போலக் கழித்துத்தான் அசையும். சரக்கு ஏற்றிய லாரியை ஓட்டுகிறவன் பிரேக்கை எவ்வளவு முன்னால் யோசிக்கிறானோ அப்படித்தான் பைலட்டும் யோசிக்க வேண்டும். கிளம்பும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். தரையில் நிற்கிற பலூனின் தலைக்கு மேல் காற்று வழுக்கிப் போவதால் போலியாக ஒரு தூக்கல் கிடைக்கும். பலூன் எழும்பிக் காற்றோடு காற்றாக நகர ஆரம்பித்ததும் அந்தத் தூக்கல் மறைந்து கொஞ்சம் கீழே அமிழும். அந்த நேரம் பைலட் நீளமாக எரிப்பார். பயப்படாதே. அதற்குப் பிறகு அசைவே தெரியாது. காற்றின் வேகத்திலேயே போவதால் முகத்தில் காற்று அடிக்காது. மாடி விளிம்பில் நின்றால் தலைசுற்றுகிற பலருக்கு இங்கே சுற்றுவதில்லை, ஏனென்றால் கண்ணைக் கீழே இழுத்துப்போகச் சுவர் எதுவும் இல்லை. மூலை இடத்துக்குச் சண்டை போடவும் வேண்டாம், பக்கத் துளைகளைத் திறந்து பைலட் பலூனைச் சுழற்றி எல்லாப் பக்கத்தையும் காட்டுவார். கிழக்கே தெரிகிற பெரிய மலை எர்ஜியெஸ், 3,917 மீட்டர். அதுவும் சுற்றுவட்டார எரிமலைகளும் கக்கிய சாம்பல் இறுகியதுதான் நீ பார்க்கப்போகும் கூம்புப் பாறைகளெல்லாம்.

ஒரே நேரத்தில் நூறு பலூன்போல வானத்தில் இருக்கும். கீழே உள்ள பலூனின் பைலட்டுக்குத் தன் தலைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது, சொந்தத் துணியே மறைக்கும். ஆகவே மேலே உள்ள பலூனின் பைலட்தான் விலகிப் போக வேண்டும். 2013 மே மாதம் இதே கப்படோக்கியாவில் கீழிருந்து ஏறிய பலூனின் துணி மேலே இருந்ததன் கூடையில் பட்டுக் கிழிந்து பயணிகள் இறந்தார்கள். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மேலே ஏறும்போது பைலட் பேச்சை நிறுத்திவிட்டு ரேடியோவைக் கவனித்தால், வேடிக்கை காட்டச் சொல்லித் தொந்தரவு செய்யாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

பெரும்பாலும் அடிபடுவது இறங்கும்போதுதான். இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டு. இறங்கப்போகிறோம் என்று பைலட் சொன்னதும் போனை, கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். போகிற திசைக்கு முதுகைக் காட்டி, முதுகைக் கூடையின் சுவரோடு ஒட்டி, முழங்காலை மடக்கி, உள்ளே உள்ள கயிற்றுப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கையோ முழங்கையோ கூடைக்கு வெளியே இருக்கக் கூடாது. காற்று இல்லாத நாளில் அங்கே உள்ள பைலட்டுகள் கூடையை நேராக டிரெய்லர் மேலேயே வைத்துவிடுவார்கள், கைதட்டுவீர்கள். காற்று இருந்தால் இரண்டு மூன்று முறை தட்டி, இழுத்துக்கொண்டு போய், கூடை சாய்ந்துவிடலாம். சாய்ந்தாலும் பிடித்தபடி அப்படியே இருக்க வேண்டும். பைலட் உச்சியில் உள்ள திறப்பைக் கயிற்றால் இழுத்துச் சூடான காற்றை வெளியேற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் ஒருவர் குதித்தால்கூட எடை குறைந்து பலூன் மறுபடியும் எழும்பும். 2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சரில் இறங்கும் நேரத்தில் எரிவாயுக் குழாய் கசிந்து தீப்பிடித்தது, 19 பேர் இறந்தார்கள். ஆள் குறைந்து இலேசான பலூன் எரிந்துகொண்டே மேலே போனது. நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் 2012லும், டெக்சாஸின் லாக்ஹார்ட்டில் 2016லும் விபத்துக்குக் காரணம் மின்கம்பி. மின்கம்பி கண்ணுக்குத் தெரியாத மூடுபனியில் யாரும் கிளம்பக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். இறங்கும் பயிற்சியை ஏறுவதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துச் செய்தும் பார்க்கச் சொல்கிறார்களா என்று கவனி. சொல்லாவிட்டால் நீயே கேள். அதற்கு முகம் சுளிக்கிற பைலட்டோடு பறக்க வேண்டாம்.

இதைப் படித்ததும் கல்யாணியின் முழங்கால் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். அறுவை முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையே. கால் மடக்கிக் குந்தி ஓர் அதிர்ச்சியைத் தாங்க முடியாதவர் ஏறாமல் இருப்பதே நல்லது. டாக்டரிடம் ‘பலூனில் போகலாமா’ என்று கேட்காதே, சரி என்றுவிடுவார். ‘ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும், மூன்றடி உயரத்திலிருந்து குதித்தால் வருகிற அதிர்ச்சி வரலாம், தாங்குமா’ என்று கேள். பேரனைப் பொறுத்தவரை பெரும்பாலான கம்பெனிகள் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஏற்றுவதில்லை. வயதைக் கூட்டிச் சொல்லலாமே என்று உன் மருமகன் யோசனை சொல்வார், கேட்காதே. கூடைச் சுவர் அவன் தலைக்கு மேல் இருக்கும், பாவம், பிரம்பைத் தவிர ஒன்றும் பார்க்கமாட்டான். அவர்கள் இரண்டு பேருக்கும் ஓட்டலில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கோரெமே ஊருக்கு மேலே உள்ள குன்றுக்கு டாக்ஸியில் போய்விடலாம். பலூன்கள் இருட்டில் ஒவ்வொன்றாக எரிந்து எழும்புவது அங்கிருந்து பார்க்கத்தான் நன்றாக இருக்கும், கூடைக்குள் இருப்பவனுக்கு அது கிடைக்காது. படம் எடுப்பதற்கும் அதுவே நல்ல இடம்.

உடுப்பு: அந்த நேரத்தில் ஐந்து டிகிரிக்குக் கீழேயும் போகலாம். தடியான ஒரே கோட்டைவிட மூன்று மெல்லிய உடுப்பு மேல், பர்னர் எரியும்போது மேலே வேர்க்கும், கீழே கால் விறைக்கும். தொப்பி கட்டாயம், உன் தலைக்கு இரண்டு மடங்கு கட்டாயம். மூடிய ஷூ போடு, இறங்குகிற இடம் உழுத வயலாக இருக்கலாம். போனுக்குக் கழுத்துக்கயிறு வேண்டும். செல்ஃபி கம்பு கொண்டுவராதே, பக்கத்தில் உள்ளவர் கண்ணைக் குத்தும்.

இஸ்தான்புல்லிலிருந்து விமானத்தில் காய்சேரிக்கும் வரலாம், நெவ்ஷெஹிருக்கும் வரலாம். காய்சேரியிலிருந்து கோரெமேக்கு 75 கிலோமீட்டர், நெவ்ஷெஹிரிலிருந்து 40. பலூனுக்கு முந்தின நாள் மதியத்துக்குள் வந்து சேருகிற மாதிரி டிக்கெட் பார். நடுராத்திரியில் வந்திறங்கி ஐந்து மணிக்கு எழுந்தால் ஒன்றும் ரசிக்காது.

பொள்ளாச்சி பலூன் திருவிழாவிலேயே ஏறிவிடலாமே என்று கல்யாணி கேட்டதாக எழுதியிருந்தாய். 2015இலிருந்து பொங்கலையொட்டி அங்கே நடக்கிறது. கயிற்றில் கட்டி மேலே தூக்கி இறக்குவதும் உண்டு. கட்டிய பலூன் காற்றை எதிர்த்து நிற்பதால் குலுங்கும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். பேரனுக்குப் பலூன் காட்ட அது போதும். பறப்பது என்பது வேறு.

டிக்கெட் போடும் முன் தேதிகளை எனக்கு எழுது. கம்பெனிக்காரர்கள் அனுப்பும் விதிமுறைத் தாளையும் அனுப்பு, ரத்து பற்றிய வரியைப் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சங்கரன்

பி.கு.: கூடையில் கழிப்பறை கிடையாது. வேனில் காபி கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு.