டயரில் எழுதியிருப்பதைத் தமிழில் விளக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் பிக்கப் வண்டிக்காரன் நான். உங்கள் வாகனப் பக்கத்தில் புது வண்டிகளைப் பற்றி நிறைய வருகிறது. டயரைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன சித்திரையில் பின்பக்க டயர் இரண்டும் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. 215/75 ஆர்15 என்ற அளவைச் சீட்டில் எழுதிக் கடையில் கொடுத்தேன். அதே அளவில்தான் மாட்டினார்கள், விலையும் கொஞ்சம் குறைவு. இரண்டே மாதம். பொள்ளாச்சி தாண்டித் தக்காளி லோடோடு போகும்போது இடதுபக்க டயர் பக்கவாட்டில் கிழிந்து வெடித்தது. வண்டி கவிழாமல் நின்றது தெய்வாதீனம். ஸ்டெப்னி மாற்ற உதவிய பஞ்சர் கடைப் பெரியவர் டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆள் ஏத்துற வண்டிக்குப் போடுறது, லோடு வண்டிக்கு இல்ல" என்றார்.

அளவு ஒன்றுதானே, அப்புறம் எப்படி? அவர்தான் விளக்கினார். 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு, அதாவது 161 மில்லிமீட்டர் சொச்சம். ஆர் என்றால் ரேடியல், அதாவது உள்நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், இது மட்டும் அங்குலத்தில். இவ்வளவும் சேர்ந்து டயரின் உருவத்தைத்தான் சொல்கின்றன. எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதற்கடுத்துப் பொடியாக இருக்கும் எண்ணில் இருக்கிறது. அதை நான் எழுதிக்கொண்டு போகவே இல்லை.

என் பழைய டயரில் எல்டி (லைட் டிரக், அதாவது சிறிய லோடு வண்டி) என்ற எழுத்துகளும் 106/103 என்ற எண்ணும் இருந்தன. புதியதில் எல்டி இல்லை, எண் 100. இவை கிலோ கணக்கு அல்ல, இதற்குத் தனி அட்டவணை உண்டு. 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. (103 என்பது ஒரே பக்கத்தில் ஜோடியாக இரண்டு டயர் மாட்டும் வண்டிக்கானது.) ஆக, பின்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து 300 கிலோ குறைந்துவிட்டது. 15 கிலோ தக்காளிப் பெட்டி என்றால் 20 பெட்டி! தாங்காத பாரத்தில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. அந்தச் சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூலடுக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடுகின்றன.

எங்கள் ஸ்டாண்டில் லோடு தாங்கட்டும் என்று 235/75 ஆர்15 மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது 30 மில்லிமீட்டர் உயரம் கூடுதல். ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடுவதால், மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ஐத் தாண்டிப் போகும், மேடேற இழுவை குறையும். பாரம் தாங்குமா என்பதற்கு அங்கேயும் அந்தப் பொடி எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சின்ன யானை (டாடா ஏஸ்) வண்டிக்காரர்களுக்கு வேறு குழப்பம். 145 ஆர்12 என்று மட்டும் இருக்கும், நடுவில் சதவீதமே இருக்காது. அதில் இருக்கும் 8பிஆர் (பிளை ரேட்டிங்) என்பதை எட்டு அடுக்கு என்று நானும் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இப்போது அது வலுவின் அளவு மட்டும்தான்.

இதையெல்லாம் படம் போட்டு ஒரு முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள். பாரத்தின் எண்ணும் அதற்கான கிலோவும் அட்டவணையாக வேண்டும். டயர் தயாரான வாரத்தைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெட்டியெடுத்து வண்டிக்குள் ஒட்டிக்கொள்ள எங்கள் ஸ்டாண்டிலேயே ஆள் இருக்கிறது.

கடைக்காரர்கள் பில்லில் டயரின் முழு எண்ணையும் எழுதித்தர வேண்டும் என்றும் உங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும். என் பில்லில் "டயர் 2" என்று மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கடையில் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

இப்படிக்கு,
காய்கறி வண்டி ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம்.