‘ஃபில்லர் கிடையாது’ என்று அச்சடித்த கார் பாலிஷ் கம்பவுண்ட் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: கட்டிங் கம்பவுண்ட் (1 லிட்டர்) லேபிளில், கீறலை நிரப்பி மறைக்கும் பசையான ஃபில்லர் பற்றி உள்ள தவறான தகவல்

ஐயா,

கோவை சிங்காநல்லூரில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கார் பாலிஷ் வேலை செய்கிறேன். ஆள் வைக்கவில்லை, நான் ஒருவன்தான். பெயிண்டின் மேல்பகுதியை மெல்லியதாகத் தேய்த்துக் கீறலை எடுக்கும் உங்கள் கட்டிங் கம்பவுண்டை மூன்று வருடமாக வாங்குகிறேன். பழைய பாட்டில் தூசி பறக்கும், மூக்கில் துணி கட்டாமல் வேலை செய்ய முடியாது. ஆனால் கீறலை உண்மையாகவே எடுக்கும். போன மாதம் 2,450 ரூபாய்க்கு வாங்கியது தூசியே விடவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வந்தது கறுப்பு செடான். வாட்ச்மேன் தினமும் காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்து, வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். அதை உங்கள் கம்பவுண்டால் முடித்து, கண்ணாடி மாதிரி ஒப்படைத்தேன். இரண்டு வாஷ்தான். மூன்றாவது வாரம் பகல் பதினோரு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. ‘தம்பி, பாலிஷ் போட்டீங்களா, எண்ணெய் தடவுனீங்களா?’ என்றார். வலை அப்படியே திரும்ப இருந்தது.

அவர் முன்னாலேயே டிக்கி மூடியின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, புது ஃபோம் பேடில் அதே பாட்டிலைப் போட்டு இரண்டு பக்கமும் பாலிஷ் செய்தேன். இரண்டும் பளபளத்தன. அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, இடது பக்கத்தை மட்டும் துடைத்தேன். துடைத்த துணிக்குப் பின்னாலேயே கீறல்கள் ஒவ்வொன்றாக வந்தன. வலது பக்கம் பளபளப்பாகவே நின்றது. கீறலை அறுக்காமல் அதற்குள் எண்ணெய்ப் பசை நிரம்பினால்தான் இப்படி ஆகும். உங்கள் லேபிளில் ‘ஃபில்லர் கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பெயிண்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரும் அதையேதான் சொன்னது. பானெட்டில் நான் குறி வைத்த இடத்தில் வேலைக்கு முன் 118, உங்கள் கம்பவுண்டுக்குப் பின் 117. ஒரு மைக்ரான் வித்தியாசம் மீட்டரை நகர்த்தி வைத்தாலே வரும். ஆக, அறுத்தது ஒன்றும் இல்லை. பிறகு வேறு கம்பவுண்டு வாங்கி, கூலி வாங்காமல் ஒன்றரை நாள் உட்கார்ந்து முடித்தேன். மீட்டர் 114 காட்டியது, ஆல்கஹால் துடைத்தும் கீறல் வரவில்லை.

உங்கள் சேவை எண்ணில் பேசியவர் முதலில் பேட் அழுக்கு என்றார். புது பேட் என்றதும் மெஷின் வேகம் என்றார். கடைசியில், நான் தொழிலுக்கு வாங்குபவன், அதனால் நுகர்வோர் என்று கேட்க முடியாது என்று மின்னஞ்சல் வந்தது. சுயதொழில் செய்து பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகத்தான் சொல்கிறது. அந்த மின்னஞ்சலை எழுதியவர் சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

பாட்டில் விலையும் அந்த ஒன்றரை நாள் கூலி 3,000 ரூபாயும் வேண்டும். கலவையை மாற்றினீர்களா என்று எழுத்தில் பதில் வேண்டும். மாற்றியிருந்தால் லேபிளையும் மாற்றுங்கள். ஃபில்லர் உள்ள பாலிஷுக்கும் தேவை உண்டு, வண்டியை விற்பதற்கு முன் அதைத்தான் கேட்பார்கள். அதை அதன் பெயரில் விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

பில் நகலும் டேப் ஒட்டிய டிக்கியின் படங்களும் இணைத்திருக்கிறேன். பாட்டிலில் கால் பங்கு மிச்சம் இருக்கிறது, தொடாமல் வைத்திருக்கிறேன். சோதிக்க ஆள் அனுப்புவதானால் பகலில் அனுப்புங்கள். ஷெட் டியூப் லைட்டில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மூன்று வருட வாடிக்கையாளர்,
சிங்காநல்லூர், கோவை