பொறுப்பு கைமாறிய ஆண்டு: கூட்டமைப்புச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் செயற்குழுவின் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நிர்வாகிகளும் கணக்கு எழுதுபவர்களும் ஒரே ஆண்டில் மாறியபோது ஊராட்சி அளவிலான நமது கூட்டமைப்பின் வேலை எங்கே தடுமாறியது, எதைத் திருத்தினோம் என்பதே இந்த அறிக்கை.

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு முயற்சியும், 1992இல் 500 குழுக்களை வங்கியோடு இணைக்க, வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு எடுத்த முன்னோடித் திட்டமும் நமக்கு வழி போட்டுக் கொடுத்தவை. குழுவை அளக்க நாம் வைத்திருக்கும் அளவுகோல் பஞ்சசூத்திரம்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள் உறுப்பினருக்குத் தரும் உள்கடன், தவணைப்படி கடனைத் திருப்பிக் கட்டுவது, அன்றன்றைக்கு எழுதிய பதிவேடு. முதல் நான்கையும் எல்லோரும் சேர்ந்து செய்கிறோம். ஐந்தாவது மட்டும் பெரும்பாலும் ஒருவர் கையிலேயே இருக்கிறது. அவர் திருமணமாகியோ வேலைக்கோ வெளியூர் போய்விட்டால் குழுவின் நினைவும் கூடவே போய்விடுகிறது. ஆகவே இந்த ஆண்டு அதிகம் உழைத்தது இந்த ஐந்தாவதில்தான்.

பொறுப்பு ஒப்படைப்புக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டோம். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, கடன் பேரேடு, வங்கி பாஸ்புக், முத்திரை, பீரோ சாவி. ரசீதுப் புத்தகத்திலும் காசோலைப் புத்தகத்திலும் எழுதாத தாள்களின் முதல் எண், கடைசி எண். கையிருப்பை எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, ரொக்கப் புத்தகத்தில் அன்றைய இருப்புக்குக் கீழே பழையவரும் புதியவரும் கையெழுத்திட வேண்டும்.

இவ்வளவு செய்தும் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. தீர்மான நகல், ஆதார், பான், புகைப்படம் எல்லாம் கொடுத்து வங்கியில் கையெழுத்தை மாற்றினோம். கைபேசி எண்ணை மாற்றக் கேட்கவில்லை. வரவு, பற்று பற்றிய குறுஞ்செய்திகள் பழைய நிர்வாகியின் கைபேசிக்கே போய்க்கொண்டிருந்தன. பணம் ஏறியது புதியவர்களுக்குத் தெரியாததால் அது ரொக்கப் புத்தகத்திலும் ஏறவில்லை. பாஸ்புக்கைப் பதிந்து பார்த்த அன்றுதான் வித்தியாசம் தெரிந்தது. இன்னொன்று, பழைய கையெழுத்தில் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள். கையெழுத்து மாறியபின் அவை திரும்பிவர வாய்ப்பு உண்டு. மாற்றக் கடிதம் கொடுக்கும் முன்பே அவற்றைப் பட்டியலிட்டு, பணமாகும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப வாங்கிப் புதிதாக எழுதித் தர வேண்டும். இவ்விரண்டும் இப்போது பட்டியலில் சேர்ந்துவிட்டன.

கணக்கு எழுதுவதை வகுப்பில் மட்டும் கற்றுக்கொடுத்தால் நிற்பதில்லை. பயிற்சியில் தரும் மாதிரிக் கணக்கு சுத்தமாக இருக்கும். கூட்டத்தில் ஒருவர் பாதித் தவணை கட்டுவார், ஒருவர் மகள் கையில் கொடுத்தனுப்புவார், ஒருவர் போன மாத அபராதத்தையும் சேர்த்துத் தருவார். அதனால் மூன்று கூட்ட முறைக்கு மாறினோம்: முதல் கூட்டத்தில் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், இரண்டாவதில் அவர் எழுத, பழையவர் பார்ப்பார், மூன்றாவதில் தனியே எழுதுவார், பழையவர் இருப்பை மட்டும் சரிபார்ப்பார். பழையவருக்குப் பொறுமை இல்லாத இடங்களில் இரண்டாம் கூட்டத்திலேயே பேனாவை வாங்கி எழுதிவிடுகிறார்கள். அங்கே புதியவர் தேறவில்லை.

இருப்பு இடித்தால், அதாவது கணக்கு பொருந்தாவிட்டால், என்ன செய்வது என்பதையும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 540ஐ 450 என்று எழுதினால் 90 இடிக்கும். இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். செலவில் எழுதவேண்டியது வரவில் ஏறினால் இரு மடங்காக இடிக்கும். இரண்டும் இல்லையென்றால் முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகையைப் பாருங்கள். கைக்காசைப் போட்டு இருப்பைச் சரிக்கட்டுவது மட்டும் கூடாது. அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். தவறு பேரேட்டில் அப்படியே கிடக்கும்.

வட்டிக் கணக்கில் பழைய பழக்கம் ஒன்றை மாற்றினோம். 20,000 ரூபாய்க் கடன், 20 தவணை, மாதம் 1 சதவீதம். முழுத்தொகைக்கே கடைசிவரை வட்டி பிடித்தால் மாதம் 200 வீதம் 4,000 ரூபாய். மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் பிடித்தால் முதல் மாதம் 200, அடுத்த மாதம் 190 என்று குறைந்து மொத்தம் 2,100 ரூபாய்தான். அட்டையில் எழுதிக் காட்டியபோது தலையசைத்தவர்கள், தங்கள் பாஸ்புத்தகத்தை வைத்துத் தாங்களே கூட்டிப் பார்த்தபோதுதான் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகள்தான் இந்த ஆண்டின் பெரிய வரவு.

தவணை தவறியவர்களுக்கு அபராதம் மட்டும் போட்டு வந்தோம். கட்டிய பணத்தில் அபராதமும் வட்டியும் போக அசலுக்கு மிஞ்சுவது குறைந்து, நிலுவை கூடியது. “யார் கட்டவில்லை” என்பதை விட்டுவிட்டு “எந்தத் தேதியில் கையில் பணம் இருக்கிறது” என்று கேட்டபின்தான் வழி தெரிந்தது. கறவை மாடு வைத்திருப்பவர்கள் அதிகமுள்ள குழுக்களில் பால் பணம் பட்டுவாடாவாகும் நாளுக்கு அடுத்த நாளே கூட்டம் என்று மாற்றினோம். தவணை தவறாமல் வருகிறது. நூறு நாள் வேலைக் கூலியை நம்பியிருக்கும் குழுக்களில் கூலி வரும் நாள் நிச்சயமில்லாததால் இந்த வழி உதவவில்லை. அங்கே தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டலாமா என்று செயற்குழு பார்த்துவருகிறது.

குழுக் கணக்கைக் கைபேசியில் பதியும் லோகோஸ் செயலியில் பதிவதில் இன்னும் குறை இருக்கிறது. சிக்னல் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டு, பிறகு நினைவிலிருந்து பதிந்தால் புத்தகமும் செயலியும் இரண்டு கதை சொல்லும். கூட்டம் நடக்கும்போதே புத்தகத்தில் எழுதி முடிக்க வேண்டும். செயலியில் அதைப் பார்த்து அன்றே பதிந்து, இறுதி இருப்பு இரண்டிலும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். நிர்வாகிகள் மாறும்போது பழையவரும் புதியவரும் ஒரு மாதம் சேர்ந்து பணியாற்ற வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் கணக்கு எழுதத் தெரிந்தவர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். பதிவேடுகள் எல்லாம் மேசைமேல் இருக்கின்றன. வாக்கெடுப்புக்கு முன் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

செயலாளர்