கடைசி உதைக்கு முன்னால்

நாகர்கோவில்,
2025 மே 11

அன்பு மகனே,

பிராட்ஃபோர்டிலிருந்து நீ எழுதியதை நானும் அம்மாவும் சேர்ந்து படித்தோம். அறை, வேலை, குளிர், சமையல் எல்லாவற்றையும் நான்கு வரியில் முடித்துவிட்டு, மே 3 அன்று பார்த்த பிராட்ஃபோர்ட் சிட்டி அணியின் கால்பந்தாட்டத்தைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: "எங்கள் மேலாளர் கிரகாம் அலெக்சாண்டர் விளையாடிய காலத்தில் பெரிய ஆளா? தேடிப் பார்த்தால் ஸ்கன்தோர்ப், லூட்டன், பிரஸ்டன் என்று சின்ன ஊர்களாகவே வருகிறது."

பிரஸ்டனைச் சின்ன ஊர் என்று எழுதிய கையை நான் மன்னிக்கிறேன். நீ பிறந்த ஊர் அது என்பதையும், உனக்குப் பத்து வயதாகும்வரை அந்த ஊர்ச் சம்பளத்தில்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதையும் நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உனக்கு நான் தர வேண்டிய கடன் ஒன்றும் அந்தப் பதிலுக்குள் இருப்பதால், முதலிலிருந்தே சொல்கிறேன்.

அவர் 1971-இல் கவன்ட்ரியில் பிறந்தவர். ஸ்கன்தோர்ப்பில், ஆங்கில லீக்கின் நான்கு தட்டுகளில் அப்போது நான்காம் டிவிஷன் என்று அழைக்கப்பட்ட அடித்தட்டில், 1991-இல் ஆடத் தொடங்கினார். ஆட்டத் தொடர் ஒன்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள்; அவற்றில் பாதி இரும்பாலை ஊர்களிலும் துறைமுக ஊர்களிலும், காற்று குறுக்கே அடிக்கும் திடல்களில் நடப்பவை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு லூட்டனுக்குப் போனார். அந்த அணி அடுத்த ஆண்டே ஒரு படி கீழே இறங்கியது. 1999-இல் அந்தக் கிளப் கடனில் மூழ்கியபோது, பிரஸ்டன் அவரை வெறும் 50,000 பவுண்டுக்கு வாங்கியது. மேல்தட்டு அணிகள் ஒரே ஆட்டக்காரருக்கு மில்லியன் கணக்கில் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு மேலாளர் டேவிட் மோயஸின் கீழ் பிரஸ்டன் மூன்றாம் தட்டின் சாம்பியன் ஆனது. 2001-இல் கார்டிஃபில் நடந்த பிளே-ஆஃப் (மேலே ஏறும் கடைசி ஓர் இடத்துக்கான போட்டி) இறுதி ஆட்டத்தில் போல்டனிடம் 3-0 என்று தோற்று, முதல் தட்டான பிரீமியர் லீக்கின் வாசற்படிவரை போய்த் திரும்பியது.

நான் மருத்துவமனை வேலைக்காகப் பிரஸ்டனுக்கு வந்து சேர்ந்தது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். ஆங்கிலமே சரியாகக் காதில் விழாத முதல் குளிர்காலத்தில், பிரஸ்டன் அணியின் டீப்டேல் மைதானத்தில் எனக்குப் புரிந்த முதல் மனிதர் அவர்தான். நான் தூத்தூர்க் கரையில் வளர்ந்தவன். எங்கள் கடற்கரை ஊர்களில் பந்து உதைக்காத பையன் கிடையாது. ஆனால் பின்னால் நிற்கச் சொன்னால் எல்லோரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். கால் குட்டையாக இருந்ததால் என்னைத்தான் நிறுத்துவார்கள். ஆகவே எந்த மைதானத்துக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது பின்வரிசையைத்தான். பின்வரிசையின் வலது ஓரமான ரைட் பேக்கில் நின்ற அவர் வேகமானவர் அல்லர். தன்னைவிடப் பத்து வயது இளைய விங்கர் (ஓரமாக வந்து தாக்கும் ஆட்டக்காரர்) பாய்ந்து வரும்போது எதிர்த்து ஓடாமல் இரண்டடி பின்வாங்கி, அவன் உள்ளே வரும் பாதையை மட்டும் அடைத்து, எல்லைக்கோட்டுப் பக்கமே அவனை ஒதுக்கிக்கொண்டு போவார். கைதட்டல் வாங்கித் தரும் வேலை அல்ல அது. தொண்ணூறு நிமிடத்தில் முப்பது தடவை அதைச் சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்; முப்பத்தோராவது தடவை தவறினால் மைதானம் முழுக்கப் பார்க்கும்.

அவரை எல்லோரும் கவனித்த நேரம் பெனால்டிதான். ஏமாற்று அசைவு, நின்று நிதானிப்பது, கோல்கீப்பரைக் கண்ணால் மிரட்டுவது எதுவும் இல்லை. ஓடிவருவார், பலம் முழுவதையும் போட்டு அடிப்பார், திரும்பி நடப்பார். பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் நூறுக்கும் மேற்பட்ட கோல் அடித்தார் என்றால் அதில் பெரும்பகுதி இப்படி வந்தவை.

2002-இல், முப்பது வயதில், தந்தை வழியில் ஸ்காட்லாந்து அணிக்கு அழைப்பு வந்தது. இரண்டாம் தட்டில் ஆடும் மனிதருக்கு அந்த வயதில் முதல் சர்வதேச ஆட்டம்! பொதுவாக விடைபெறும் வயது அது. அவரோ நாற்பது ஆட்டங்கள் ஆடினார். பிரான்ஸை ஸ்காட்லாந்து 2006-இல் கிளாஸ்கோவிலும் 2007-இல் பாரிஸிலும் 1-0 என்று வென்ற இரண்டு ஆட்டங்களிலும் பின்வரிசையில் நின்றார்.

பாரிஸ் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் அவர் பர்ன்லிக்குப் போயிருந்தார். பிரஸ்டனுக்கும் பர்ன்லிக்கும் உள்ள பகையை இங்கே யாருக்கும் விளக்க முடியாது; நம் பக்கத்தில் வள்ளத்தைப் பக்கத்துக் கரைக்காரனுக்கு விற்றால் என்ன பேச்சுக் கிளம்புமோ, அதுதான் அன்று எங்கள் வார்டில் கிளம்பியது. நானும் சேர்ந்து புலம்பினேன், ஒத்துக்கொள்கிறேன். அங்கே அவரை நடுவரிசைக்கு மாற்றினார்கள். 2009 பிளே-ஆஃப் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், ரெடிங்குக்கு எதிராக முடிவுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கிடைத்த பெனால்டியை அவர்தான் அடித்தார். அந்த ஒரு கோலில் பர்ன்லி வென்றது. பிறகு வெம்ப்லியில் ஷெஃபீல்டு யுனைட்டெடை 1-0 என்று வென்று, 33 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தட்டுக்கு ஏறியது.

ஆக, பிரீமியர் லீக்கில் அவர் முதன்முதலாகக் கால் வைத்தபோது வயது 37. ஸ்டோக்கில் தோல்வியோடுதான் தொடங்கியது. நான்கே நாளில், சாம்பியனாக வந்த மான்செஸ்டர் யுனைட்டெடைத் தங்கள் திடலில் 1-0 என்று வென்றார்கள். அந்த ஆண்டு அவர் 33 லீக் ஆட்டங்களில் ஏழு கோல் அடித்தார். ஆனால் 2010-இல் அணி மீண்டும் கீழே இறங்கிவிட்டது. மேலே இருந்தது அந்த ஒரே ஆண்டுதான். இதைப் பலர் "காத்திருந்தவனுக்குக் கிடைத்த பரிசு" என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அந்த ஓராண்டு வராமலே போயிருந்தாலும் ஸ்கன்தோர்ப்பின் சனிக்கிழமைகளும் லூட்டனின் செவ்வாய் இரவுகளும் அவர் உழைத்து ஆடியவைதானே? 2011 ஏப்ரலில் ஸ்வான்சிக்கு எதிராக அவர் ஆயிரமாவது ஆட்டத்தை ஆடினார். அந்த ஆயிரத்தில் பிரீமியர் லீக்கின் பங்கு 33 மட்டுமே. பெரிய ஆளா என்று நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் மீதமுள்ள ஆட்டங்களில்தான் இருக்கிறது.

இனி கடன் விஷயம். 2011-இல் பர்ன்லி அவரை விடுவித்தது. அவர் பிரஸ்டனுக்கே திரும்பி வந்தார். நம் அணி அப்போது மூன்றாம் தட்டில் கிடந்தது. 2012 ஏப்ரல் 28, சார்ல்டனுக்கு எதிரான ஆட்டம். அவர் விடைபெறப் போகிறார் என்பதால் எட்டு வயதான உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வயதில் மாற்று ஆட்டக்காரராக அவர் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நீயும் இருக்கைமேல் ஏறி நின்று தட்டினாய். நாம் 2-1 என்று பின்தங்கியிருந்தோம். கூட்டம் கலைவதற்கு முன் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்று நான்தான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, இன்னும் முடியலை" என்று நீ சொன்னாய். வெளியே, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு சறுக்கும், பிரஸ்டனின் பழைய நட்சத்திரம் டாம் ஃபின்னியின் சிலையருகே வந்தபோது, முதுகுக்குப் பின்னால் மைதானம் அலறியது. கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை அவர் நேராகக் கோலுக்குள் அடித்திருந்தார். 2-2. இருபத்தொரு ஆண்டு ஆட்டத்தில் அவருடைய கடைசி உதை அது.

நீ அழவில்லை. சிலையைச் சுற்றி வந்து, "இப்போ உள்ளே விடுவாங்களா?" என்று கேட்டாய். பேருந்தும் அன்றைக்கு இருபது நிமிடம் தாமதமாகத்தான் வந்தது. அடுத்த ஆண்டு நாம் ஊர் திரும்பிவிட்டோம். உனக்கு அது நினைவில் இல்லை என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. எனக்கு மறக்கவில்லை, மக்களே.

அதற்குப் பிறகான கதை மேலாளர் வேலை. 2014-இல் ஃப்ளீட்வுட்டையும் 2019-இல் சால்ஃபர்டையும் பிளே-ஆஃப் மூலம் மேலே ஏற்றியவர், இந்த மே 3 அன்று அதே ஃப்ளீட்வுட்டுக்கு எதிராக உங்கள் அணிக்காக வெளிக்கோட்டில் நின்றிருக்கிறார். சமனில் முடிந்தால், பிளே-ஆஃப் இல்லாமல் நேரே மேலே ஏற்றும் மூன்றாம் இடம் வால்சால் அணிக்குப் போய்விடும். 96-ஆவது நிமிடத்தில் உங்கள் சார்செவிச்சின் கோல். பக்கத்து இருக்கைக்காரர்கள் சிலர் தொண்ணூறாவது நிமிடத்திலேயே எழுந்து போனார்கள் என்றும், நீ போகவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

கோல் விழுந்த பிறகு கூட்டம் திடலுக்குள் ஓடியதையும், யாரோ உன்னைக் கட்டிப்பிடித்ததையும், கைப்பேசி தொலைந்து கிடைத்ததையும் விவரமாகச் சொல்லியிருக்கிறாய். அந்த நொடியில் அலெக்சாண்டர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதவில்லை. ஓடினாரா, அசையாமல் நின்றாரா? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. சமையலைப் பற்றி அம்மாவுக்காக ஒரு பக்கமும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா