யமுனையின் பழைய கணக்கு இனி போதாது: டெல்லி வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் மயூர் விஹாரில் வசிக்கும் தமிழ்ப் பெண். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: "ஹத்னிகுண்டில் எத்தனை லட்சம் கனஅடி திறந்திருக்காங்க?" ஹத்னிகுண்ட் என்பது ஹரியானாவில், டெல்லிக்கு மேலே யமுனையின் குறுக்கே உள்ள தடுப்பணை; அங்கே திறக்கும் தண்ணீரை விநாடிக்கு இத்தனை கனஅடி என்று சொல்வார்கள். பயப்படுவதா, நிம்மதியாகத் தூங்குவதா என்பதை அந்த ஓர் எண்ணை வைத்தே முடிவு செய்கிறோம். அந்த எண் மட்டும் இனி போதாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2019 ஆகஸ்டில் ஹத்னிகுண்டிலிருந்து 8 லட்சம் கனஅடிக்கும் மேல் வந்தது. டெல்லியின் பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் (கடல் மட்டத்திலிருந்து) 206.60 மீட்டரோடு நின்றது. 2023 ஜூலையில் வந்தது அதில் பாதிகூட இல்லை, ஏறத்தாழ 3.6 லட்சம்தான். ஆனால் மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இல் பதிவான 207.49 மீட்டரை ஒரு மீட்டருக்கும் மேலாகத் தாண்டிவிட்டது. காரணங்கள் உங்களுக்கே தெரியும். ஓட்டம் பல மணி நேரம் தணியாமல் நீடித்தது. ஐ.டி.ஓ. தடுப்பணையில் சில மதகுகள் சேறு இறுகித் திறக்கவில்லை. டெல்லிக்குள் வஜீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடையிலான 22 கிலோமீட்டரில் பாலத்துக்குப் பாலம், வண்டல் திட்டுகள், போதாததற்குத் தண்ணீர் பரவ வேண்டிய, காதர் எனப்படும் ஆற்றோரத் தாழ்நிலத்தில் கட்டுமானங்கள். ஆற்றின் வழி குறுகிப்போனால் பாதித் தண்ணீரே ஊருக்குள் வந்துவிடும்.

மேலே வானமும் மாறி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். அதற்காக உலகத்து ஆறுகளெல்லாம் ஒரேபோலப் பெருகவில்லை. ஐரோப்பாவின் வடமேற்கில் வெள்ளம் கூடியிருக்கிறது, தெற்கிலும் கிழக்கிலும் பல ஆறுகளில் குறைந்திருக்கிறது. வறண்ட மண் சிறு மழையைக் குடித்துவிடுவதால் சின்ன வெள்ளங்கள் தணியலாம். பெருமழையில் வரும் பெரிய வெள்ளத்தை அந்த மண்ணால் தாங்க முடியாது. நான்கு வருடம் அமைதியாக இருந்த ஆறு ஐந்தாவது வருடம் பழைய குறியை எல்லாம் மிஞ்சலாம் என்பதே என் கவலை. 2021இல் ஜெர்மனியின் ஆர் (Ahr) ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே 1804இலும் 1910இலும் வந்த பெருவெள்ளங்கள் அபாய வரைபடக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. அளவுமானி வைத்த பிறகு கிடைத்த சில பத்தாண்டுப் பதிவை மட்டும் நம்பியதற்கு அவ்வளவு பெரிய விலை.

2023இல் காதர் விவசாயக் குடும்பங்கள் எங்கள் பகுதிச் சாலையோரத்தில் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் பிள்ளைகளோடும் மாடுகளோடும் கிடந்தார்கள். நாங்கள் சமைக்கும் கீரையையும் முள்ளங்கியையும் விளைவிப்பவர்கள் அவர்கள். தண்ணீர் ஹத்னிகுண்டிலிருந்து டெல்லி வந்து சேர ஒன்றரை நாளாவது ஆகும். அந்த அவகாசத்தில் மாட்டையும் மூட்டையையும் மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், எங்கே போவது என்று முன்கூட்டியே தெரிந்தால்.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து, இந்த வருடம் இத்தனை கனஅடி வந்தால் மட்டம் இவ்வளவு ஏறும் என்று மழைக்கு முன்பே வெளியிடுங்கள். 207, 208, 209 மீட்டரில் எந்தத் தெரு, எந்தக் குடிசைப் பகுதி முழுகும் என்ற வரைபடத்தை ரேஷன் கடையிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டுங்கள். 209 எதற்கு என்று யாராவது கேட்டால், 2023க்கு முன் 208ஐயும் இப்படித்தான் நினைத்திருந்தோம் என்று சொல்லுங்கள். காதரில் புதிதாக ஒரு செங்கல்கூட விழ விடாதீர்கள். அப்புறம், முகாம் அமையும் இடத்தை ஜூன் மாதமே அந்த விவசாயிகளுக்குக் காட்டிவிடுங்கள். மாடுகளுக்கும் அங்கே இடம் வேண்டும்.

இப்படிக்கு,
மயூர் விஹார்வாசி ஒருத்தி